நான் அழித்த மஞ்சள் குறி

சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கருவேல மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு குழாய் யார்டு இருந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான பெரிய இரும்புக் குழாய்களை அங்கே இறக்கி, வெல்டிங் வைத்து, சோதித்து அனுப்புவார்கள். அந்த யார்டின் ஸ்டோரில் நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. “கதிர்வீச்சுள்ள பொருள் ஸ்டோருக்கு வரும், விவரம் தெரிஞ்ச ஆள் வேணும்” என்று நேர்முகத் தேர்வில் சொன்னார்கள். வீட்டில் அதைச் சொல்லவில்லை. அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். குழாய்க் கம்பெனியில் ஸ்டோர் வேலை என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

வெல்டிங் வைத்த இடம் நன்றாக இருக்கிறதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பது போல இரும்புக்கும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கருவி உண்டு. கேமரா என்று சொல்வோம். படம் பிடிக்கிற கேமரா போல ஒன்றும் இருக்காது. கைப்பிடி வைத்த கனத்த பெட்டி. அதற்குள் மிளகு அளவுகூட இல்லாத ஒரு இரிடியத் துண்டு இருக்கும். அதிலிருந்து கதிர் வந்துகொண்டே இருக்கும். அணைப்பதற்கு அதில் சுவிட்ச் கிடையாது. மூடி வைக்கத்தான் முடியும். சில மாதங்களில் அதன் பலம் குறைந்துவிடும். புதுத் துண்டு ஒரு ஈய டப்பாவில் வரும். பழையதை அதே மாதிரி டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவோம். காலி டப்பாவும் சரக்குள்ள டப்பாவும் ஒரே உயரம், ஒரே பருமன். தூக்கினாலும் வித்தியாசம் தெரியாது. கனமெல்லாம் ஈயத்தினுடையது.

அதனால் லேபிள்தான் எல்லாம். மஞ்சள் ஸ்டிக்கரில் மூன்று இதழ் வைத்த கறுப்புக் குறி. அதன் கீழே உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு பலம், எந்தத் தேதிக் கணக்கு என்று நான் என் கையால் எழுதுவேன். அதற்கும் கீழே தமிழில்: கதிரியக்கப் பொருள், தொடாதீர், திறக்காதீர். யார்டில் இருந்தவர்கள் அந்தக் குறியை ‘ஃபேன் படம்’ என்றார்கள். லோடு இறக்குகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். ஃபேன் படம் இருக்கிற எதையும் அவர் விரலால்கூடத் தொடமாட்டார். டப்பாக்களைப் பூட்டி வைக்கிற ரூம் வாசலைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போவார். நான் சிரிப்பேன்.

கேமராவைக் கையாள லைசென்ஸ் வாங்கியவர் ஒருவர்தான். கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் பல வருடம் எண்ணெய் ஆலைகளில் இதே வேலையைச் செய்துவிட்டு வந்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் இல்லாமல் அந்த ரூமில் எதையும் அசைக்கக் கூடாது என்பது விதி.

அந்த ஆனி மாதம் அவர் கேமராவை எடுத்துக்கொண்டு பத்து நாள் வேறு சைட்டுக்குப் போயிருந்தார். ரூமில் மூன்று டப்பாக்கள் இருந்தன. இரண்டு காலி. ஒன்றில் பழைய துண்டு, திருப்பி அனுப்ப வண்டி வராமல் காத்துக் கிடந்தது.

அவர் போன மறுநாள் காலை பத்து மணிக்கு யார்டு வாசலில் நாலைந்து பைக்குகள் வந்து நின்றன. பக்கத்துக் கிராமத்து ஆட்கள். குழாய் இறக்க வந்த யாரோ ரூம் கதவில் இருந்த எச்சரிக்கைப் பலகையைப் போனில் படம் எடுத்துப் பரப்பிவிட்டான். அவர்களில் வயதானவர் நேராகக் கேட்டார்.

“இங்கன அணுக் கழிவு கொண்டாந்து வச்சிருக்கீகளாமே? எங்க ஆடு மாடெல்லாம் இந்தப் பக்கந்தான மேயுது?”

சைட் இன்சார்ஜ் வெளியூர்க்காரர். பயந்துபோனார், ஆனால் முகத்தில் காட்டவில்லை. “அப்படி ஒண்ணுமே இல்லைங்க. நாளைக்கு வாங்க, ரூமைத் திறந்தே காட்டறேன்” என்று அனுப்பிவைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அந்த போர்டு, ஸ்டிக்கர் எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா. டப்பாங்களை ஜெனரல் ஸ்டோர்ல மத்த சாமானோட வச்சிடுங்க. அவங்க வந்து காலி ரூமைப் பாத்துட்டுப் போகட்டும்.”

“சார், லேபிள் இல்லாம வைக்கக் கூடாது. அண்ணன் வந்த பிறகு...”

“ரெண்டே நாள். அப்புறம் நீங்களே புதுசா ஒட்டிக்கங்க. வேலை நின்னுச்சுன்னா நாம எல்லாரும் வீட்டுக்குத்தான் போகணும்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வந்தவர்களை உட்கார வைத்து, இது என்ன, எப்படிப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று காட்டியிருக்கலாம். அதற்குப் படித்த ஆள் நான்தான். எனக்கு அன்று அது தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

வெந்நீரில் துணியை நனைத்து ஸ்டிக்கர்களை ஊறவைத்து, பிளேடால் சுரண்டி எடுத்தேன். டப்பாவோடு ஆணி அடித்த தகடு ஒன்று உண்டு. அதிலும் குறி செதுக்கியிருக்கும். அதைக் கழற்ற முடியவில்லை. குழாய்க்கு அடிக்கிற சாம்பல் நிறப் பெயிண்டை எடுத்து, மூன்று டப்பாக்களுக்கும் இரண்டு கோட்டிங் அடித்தேன். சரக்குள்ள டப்பாவின் அடியில் மட்டும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். காய்ந்ததும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஸ்டோருக்கு மாற்றச் சொன்னேன்.

“இது அந்த ஃபேன் படம் போட்ட சாமானாம்மா?” என்று கேட்டார்.

“காலி டப்பா அண்ணாச்சி” என்றேன்.

அவர் நம்பினார். தரையில் இழுத்துக்கொண்டு போனார். சாக்பீஸ் கோடு சிமெண்டுத் தரையில் தேய்ந்து போயிருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் ஊர்க்காரர்கள் வந்து காலி ரூமைப் பார்த்தார்கள். கலர் சோடா குடித்தார்கள், போனார்கள். இரண்டு நாள் கழித்து நான் இன்சார்ஜிடம் கேட்டேன். இன்னொரு கூட்டம் வரும்போல் தெரிகிறது, பொறுங்கள் என்றார். பொறுத்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வால்வுகளும் குழாய்களை மூட்டுகிற ஃபிளேஞ்சுத் தகடுகளும் கிடந்த மூலையில் அந்தச் சாம்பல் டப்பாக்களைத் தாண்டித்தான் தினமும் என் மேசைக்குப் போவேன். எத்தனை இருக்கிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

யார்டு வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. நாலு கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டிய கடை. கடைக்கார அக்கா விதவை. ஒரே மகள். மகளைப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் தனியாக விடப் பயந்து அக்கா அவளைக் கடைக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் நான் டீ குடிக்கப் போவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். குழந்தை உதைப்பதைக் காட்ட என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று பேய்க்காற்று. மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். ஒருநாள் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அக்கா ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார்.

“ஏட்டி, கனமா ஏதாச்சும் கிடந்தா ஒண்ணு குடேன். தார்ப்பாயக் கட்டி வைக்க. இந்தக் காத்துல கடையே பறந்துரும் போலுக்கு.”

போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். “உள்ள அண்ணாச்சி இருக்காருக்கா, பழைய ஃபிளேஞ்ச் ஏதாச்சும் எடுத்துத் தருவாரு” என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற நிமிடம் அது. பெயிண்ட் அடித்ததைக்கூட இன்னொருவர் சொன்னதால் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தலையைத் திருப்பிப் பார்க்காதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடையநல்லூர் அண்ணன் திரும்பி வந்தபோது மாலை நாலு மணி இருக்கும். காலி ரூமைப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கு வந்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது. திட்டவில்லை. “டப்பாவக் காட்டுங்க தங்கச்சி” என்றார்.

மூலையில் இரண்டுதான் இருந்தன.

கையில் வைத்திருந்த, கதிரை அளக்கிற மீட்டரை அவர் இரண்டின் மேலும் காட்டினார். முள் அடியிலிருந்து கொஞ்சம்தான் எழுந்தது. “ரெண்டும் காலி” என்றார். அண்ணாச்சியைக் கூப்பிட்டோம்.

“மூணாவதா? டீக்கடைக்குக் குடுத்தேன். ஃபிளேஞ்சு அந்தக் காத்துக்குக் கனம் பத்தாது. இது நல்ல கனம், மேல கயிறு கட்ட வளையமும் இருந்துச்சு. நீங்கதான காலி டப்பான்னு சொன்னீக? ஃபேன் படம் இருந்தா நான் தொடுவனா?”

அண்ணன் வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். காற்று புழுதியை முகத்தில் அடித்தது. ரோட்டைத் தாண்டுவதற்குள் மீட்டர் டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கடையை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

கடையின் மேற்கு மூலையில், பெஞ்சு மேல் டப்பா இருந்தது. அதன் வளையத்திலிருந்து கயிறு தார்ப்பாய்க்குப் போயிருந்தது. பெஞ்சில் காலை நீட்டி, டப்பாவில் முதுகைச் சாய்த்து அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் முறுக்கு.

“அம்மா, கொஞ்சம் எந்திரிங்க” என்றார் அண்ணன். குரல் மிக மெதுவாக இருந்தது.

“எதுக்கு?”

“எந்திரிச்சு அங்கன, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. அவசரம் வேண்டாம். விழுந்துராதீங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கொடுத்தேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அண்ணன் டப்பாவின் மூடியைப் பார்த்தார். பூட்டும் முத்திரைக் கம்பியும் அறுபடாமல் அப்படியே இருந்தன. “அல்லாஹ்” என்று ஒரு முறை சொன்னார். பிறகு கயிற்றை அறுத்து, தள்ளுவண்டி கொண்டுவரச் சொல்லி, தானே டப்பாவை எடுத்துப்போய்ப் பழைய ரூமில் வைத்துப் பூட்டினார். தார்ப்பாய் மறுபடி பறந்து போனது. யாரும் அதன் பின்னால் ஓடவில்லை.

“என்னம்மா அது? வெடிக்குற சாமானா?” என்று அக்கா கேட்டார்.

“இல்லக்கா. நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன்.

அன்று ஆபீசில் அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய துண்டு, பலம் நிறையக் குறைந்திருந்தது. ஈயமும் பெரும்பகுதியைத் தடுத்திருக்கும். பெரிய அளவு இல்லை என்றார். இன்சார்ஜ் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்.

“கம்மிதான்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இதை இதோட விட்டுடலாமே. அவங்களுக்கு எதுவும் தெரியாது.”

“அது கம்மின்னு நான் காகிதத்துல சொல்லுதேன் சார். அந்தப் பிள்ள எத்தன நாளு, எத்தன மணி நேரம் அதுல சாஞ்சுருந்துச்சுன்னு அதுதான் சொல்லணும். கேக்காம எப்படிச் சார் கணக்கு முடியும்?”

அண்ணன் அங்கேயே போனை எடுத்து, சென்னையில் இருந்த பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். இன்சார்ஜ் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் அவரைக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

மறுநாள் காலை அக்கா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். எக்ஸ்ரே தெரியுமில்லையா என்று ஆரம்பித்தேன். அக்கா பாதியிலேயே புரிந்துகொண்டார். மகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். மத்தியானம் சாப்பிட்டதிலிருந்து ஸ்கூல் பஸ் போகிற வரைக்கும் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாள்.

“வெயிலுக்கு அது சில்லுன்னு இருந்துச்சுக்கா. இடுப்பு வலிக்கு இதமா இருந்துச்சு” என்றாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ தெனமும் வந்து டீ குடிச்சியே. இவ பக்கத்துல உக்காந்துதான பேசுன. உனக்குத் தெரியலையா?”

“தெரியலக்கா. யார்டுல எல்லாச் சாமானும் அதே சாம்பல் நிறந்தான், இதுலயும் பெயிண்ட் அடிச்சிருந்ததால எனக்கே அடையாளம் தெரியல.”

“ஆரு அடிச்சா?”

“நான்தான்.”

அக்கா அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடுப்பை அணைத்தார். பாலை மண்ணில் கொட்டினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக ஊரைப் பார்த்து நடந்தார். காற்றுக்கு எதிராக இரண்டு பேரும் சாய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரிகள் வந்தார்கள். வேலை நிறுத்தப்பட்டது. பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டபோது நான் என்றேன். யார் சொல்லி என்றபோது அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்சார்ஜை அனுப்பிவிட்டார்கள். என்னையும். அண்ணன் மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டார். அந்த அண்ணாச்சியை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனாலும் அவர் அதற்குப் பிறகு எந்த லோடும் தொடவில்லை. கையை முகர்ந்து முகர்ந்து பார்ப்பார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

கம்பெனி ஏற்பாட்டில் அக்காவின் மகளைத் திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். கூடப் போக எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் போனேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. ரத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தது. “இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பயப்படாதீங்க” என்றார் டாக்டர். அக்கா, “ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீகளா?” என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படி எந்த டாக்டரும் எழுதித் தர முடியாதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு அக்கா தினமும் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்துவந்து மகளின் இடுப்பில் பூசினார். ஆடித்தபசுக் கூட்டத்தில் அவர்களைத் தூரத்தில் பார்த்தேன். லட்சம் பேருக்கு நடுவில் அக்கா இரண்டு கைகளாலும் மகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார். நான் ஒரு கடை ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். குழந்தையைக் கையில் வாங்கவில்லை. துணி விலகியிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் எண்ணியிருக்கிறேன்.

“பத்தும் இருக்கு” என்றார் அக்கா. மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “நான் எண்ணிட்டேன்.”

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீ படிச்சவ. எம் பேத்திக்கு நடந்தத ஒரு தாள்ல எழுதிக் குடு. என்ன சாமான், எத்தன நாளு, எம்புட்டுப் பக்கத்துல, எல்லாம். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் மாதிரி ஏதாச்சும் வந்து, டாக்டர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நான் இருப்பேனோ என்னவோ. தாள் இருக்கும்லா.”

எழுதினேன். இரிடியம் என்று எழுதி, அதன் எண் எழுதி, அன்றைக்கு அதன் பலம் இவ்வளவு என்று எழுதி, ஐந்து நாள், தினம் சுமார் மூன்று மணி நேரம், தாயின் முதுகுப் பக்கம் என்று எழுதினேன். பெயிண்ட் அடித்து அடையாளத்தை மறைத்தது நான் என்றும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். அக்கா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் மகள் அந்தத் தாளோடு வந்தாள். புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இத நீங்களே வச்சுக்கங்கக்கா. எங்க வீட்டுல வேண்டாம்.”

“உங்க அம்மாதான் கேட்டாங்க.”

“அம்மாவுக்கு வெவரம் தெரியல. நாளைக்கு இவ வளர்ந்து, மாப்பிள்ள வீட்டுல இருந்து வரும்போது இது ஆரு கண்ணுலயாவது பட்டா? ஒண்ணுமில்லாத பிள்ளைக்கு ஒரு குறையச் சொல்லுவாக. எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். குழந்தை என் கழுத்துச் சங்கிலியை எட்டிப் பிடித்தது. நல்ல பிடி.

“நீங்க கிழிச்சுப் போட்டாலும் சரி” என்று சொல்லிவிட்டு அவள் தாளை மேசை மேல் வைத்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் கிழிக்கவில்லை. அக்காவிடம் திருப்பிக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. என் பட்டச் சான்றிதழ் இருக்கிற கவருக்குள்ளேயே அதையும் வைத்திருக்கிறேன். இப்போது அந்தக் குழந்தைக்கு நாலு வயது. பாட்டி வீட்டில் தங்கி இங்கேயே பள்ளிக்கூடம் போகிறது. காலையில் வேன் எங்கள் தெரு வழியாகத்தான் வரும். குழந்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். போன வாரம் மூன்று நாள் அந்த இருக்கை காலியாக இருந்தது. டிரைவரிடம் கேட்டேன்.

“காய்ச்சலாம்க்கா. ஊரெல்லாம் காய்ச்சல்தான” என்றார். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டிய தாள் என் கவருக்குள் இருந்தது.

நாலாம் நாள் குழந்தை வந்துவிட்டது. கொஞ்சம் இளைத்திருந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துக் கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.